1977இல் வந்த அந்த 72 வினாடி: வேற்றுலகத்தாரோடு நமக்குப் பேச்சு வாய்க்குமா?

கதிர்வேல்:
வாய்க்கும் என்றே நம்புகிறேன். 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஒகையோவில் 'பிக் இயர்' ரேடியோ தொலைநோக்கி 72 வினாடி நீடித்த ஒரு சிக்னலைப் பிடித்தது. சில நாள் கழித்து வானியலாளர் ஜெர்ரி ஏமன், தொலைநோக்கியின் பதிவுகள் அச்சான தாளைப் புரட்டுகிறார். தாள் முழுக்க, சிக்னலின் வலுவைக் காட்டும் 1, 2 என்று சின்ன எண்கள். நடுவே மேலிருந்து கீழாக 6, இ, க்யூ, யு, ஜே, 5. ஒன்பதைத் தாண்டினால் எழுத்து போடுவது அங்கே வழக்கம். 'யு' என்றால் பின்னணி இரைச்சலைப் போல 30 மடங்கு! சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு 'வாவ்!' என்று எழுதினார். வந்ததோ 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, ஹைட்ரஜன் அணு இயல்பாக வெளியிடும் அலைவரிசையில். யாராவது கூப்பிட்டால் அதில்தான் கூப்பிடுவார்கள் என்று இயற்பியலாளர்கள் கொக்கோனியும் மாரிசனும் 1959லேயே எழுதியிருந்தார்கள்.

செண்பகம்:
தம்பி, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு வாங்கிகள், அதாவது சிக்னலைப் பிடிக்கும் கருவிகள். வானத்தில் ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து வருவதாக இருந்தால், சுமார் 3 நிமிட இடைவெளியில் இரண்டிலும் விழ வேண்டும். ஒன்றில்தான் விழுந்தது. அப்புறம் எத்தனையோ முறை தேடியும் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் பல வருஷம் குழப்பிய சிக்னல்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை யாரோ அவசரமாகத் திறந்ததிலிருந்து. 2015இல்தான் கண்டுபிடித்தார்கள்.

கதிர்வேல்:
அக்கா, இரண்டும் ஒன்றில்லை. பார்க்ஸ் சிக்னல் 13 வாங்கிகளிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. பக்கத்திலிருந்து வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். 'வாவ்' மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கியது. தொலைநோக்கி அசையாமல் நிற்க, பூமி சுழலும்போது ஒரு விண்மீன் கடந்துபோனால் எப்படி இருக்குமோ, அச்சு அசலாக அப்படி. அடுப்பு அப்படி ஏறி இறங்காது.

முத்து வாத்தியார்:
சிக்னல் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அது பேச்சாகுமா? 1974இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கூட்டத்துக்குச் செய்தி அனுப்பினோம். போய்ச் சேர ஏறக்குறைய 25,000 ஆண்டு, பதில் வர இன்னொரு 25,000. அனுப்பிய தொலைநோக்கியே 2020இல் இடிந்து விழுந்துவிட்டது.

கதிர்வேல்:
சார், ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? 1960இல் வானியலாளர் பிராங்க் டிரேக் வேற்றுலகச் சிக்னலைத் தேடி முதலில் காது கொடுத்த டௌ செட்டி விண்மீன் வெறும் 12 ஒளியாண்டு தூரம்தான். இன்று கூப்பிட்டால் 24 வருஷத்தில் பதில். என் மகளுக்கு இப்போது 6 வயது. கேட்க அவள் இருப்பாள்.

செண்பகம்:
மகள் நன்றாக இருக்கட்டும், அவள் கேட்டால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டிரேக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். தொலைநோக்கியை அடுத்து எப்சிலான் எரிடானி என்ற விண்மீன் பக்கம் திருப்பியதுமே பலமான ஒரு சிக்னல் வந்து, அறையில் எல்லோரும் திகைத்துப் போனார்கள். சில நாள் கழித்து அதே சிக்னல் மறுபடி வந்தபோதுதான் அது பூமியைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இரண்டாம் முறை வந்ததால் தெரிந்தது, தம்பி. 'வாவ்' இன்னும் இரண்டாம் முறை வரவில்லை.