டாஃபில் 'டெம்போ' இடிமழை போட்டிருந்தால் கிளம்பலாமா? (சுபாங் – ஈப்போ – பினாங்கு)

சுபாங்மாணவன்

வணக்கம். சுபாங்கில் பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குப் படிக்கிறேன். போன வாரம் என் முதல் தனிப் பயணம், செஸ்னா 172-இல் சுபாங் – ஈப்போ – பினாங்கு போய் அன்றே திரும்புவதாகத் திட்டம். காலை 10 மணிக்குக் கிளம்பி, பாயான் லெப்பாஸில் (பினாங்கு விமான நிலையம்) சாப்பிட்டுவிட்டு, நாலு மணி வாக்கில் சுபாங் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சுபாங் டாஃபில் (விமான நிலைய வானிலை முன்னறிவிப்பு) 07-இலிருந்து 10 வரை டெம்போ (தற்காலிக மாற்றம்), இடியுடன் மழை, பார்வைத் தூரம் 4000 மீட்டர், 1500 அடியில் சிபி (இடிமேகம்) என்று இருந்தது. நான் அதைக் காலை 7 முதல் 10 வரை என்று வாசித்துவிட்டேன், நாம் கிளம்பும்போது முடிந்திருக்கும் என்று நினைத்தேன். இன்ஸ்ட்ரக்டர் பார்த்தவுடனே, அது ஜூலு நேரம் (உலகப் பொது நேரம், யுடிசி), நம் நேரம் பிற்பகல் 3 முதல் 6 என்று சொல்லிப் பயணத்தை ரத்து செய்துவிட்டார். அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மனத்தில் உறுத்துவது வேறு. அன்று நண்பகல் மெட்டாரில் (அந்த நேரத்து வானிலை அறிக்கை) பார்வைத் தூரம் 9999 (10 கிலோமீட்டர் அல்லது மேல்), மேகம் ஃபியூ 020 (2000 அடியில் கொஞ்சம்), கடைசியில் நோசிக் (பெரிய மாற்றம் இல்லை). சாயங்காலம் ஏழு மணி வரை விமான நிலையத்திலேயே இருந்தேன், ஒரு துளி மழை இல்லை. அப்படியானால் போயிருக்கலாமா? டெம்போ என்று போட்டால் அதை எவ்வளவு நம்புவது? ஒவ்வொரு நாளும் மத்தியானம் டெம்போ போடுகிறார்களே, அப்படிப் பார்த்தால் நான் எப்போதுதான் பறப்பது?

பழையடர்போபிராப்

தம்பி, உங்கள் இன்ஸ்ட்ரக்டர் செய்தது சரி. மழை பெய்யவில்லை என்பதால் முடிவு தவறாகிவிடாது.

முதலில் நோசிக். அது அடுத்த 2 மணி நேரத்துக்கு மட்டும்தான். நண்பகல் மெட்டாரில் நோசிக் என்றால் 2 மணி வரை பெரிய மாற்றம் இல்லை என்று அர்த்தம், நீங்கள் இறங்க நினைத்த 4 மணியைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. மெட்டார் என்பது நடந்து முடிந்ததைச் சொல்வது, திரும்பி வரும் நேரத்துக்கு டாஃபைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் டெம்போ. நிறைய மாணவர்கள் இதை 'வந்தாலும் வரலாம்' என்று படிக்கிறார்கள், அது சரியில்லை. வாய்ப்பு 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் டாஃபில் எழுதவே மாட்டார்கள். 30, 40 என்றால் ப்ராப் (வாய்ப்பு) 30, ப்ராப் 40. 50-ஐத் தொட்டுவிட்டால் ப்ராப் கிடையாது, நேராக டெம்போ அல்லது பிகமிங் (படிப்படியான மாற்றம்) போட வேண்டும் என்பதுதான் சர்வதேச விதி. அதாவது வெறும் டெம்போ, ப்ராப் 40-ஐ விட வலுவான சொல். 'தற்காலிகம்' என்பது வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைப் பற்றியது: ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும், எல்லாவற்றையும் கூட்டினாலும் குறிப்பிட்ட நேரத்தில் பாதிக்குக் குறைவு. உங்கள் 3 மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் வரை இடிமழை இருந்தாலும் முன்னறிவிப்பு சரியாகவே இருந்ததாகத்தான் கணக்கு.

நான் ஓட்டிய காலத்தில் டெம்போ இடிமழை என்றால் அதற்கேற்ற எரிபொருள் ஏற்றிக்கொண்டு போவோம், வந்து வட்டமடித்துக் காத்திருப்போம், ராடாரும் இருந்தது, பக்கத்தில் இரண்டு பேர். உங்களுக்கு ராடார் இல்லை, தனியாகப் போகிறீர்கள். ஆகவே டெம்போ இடிமழை என்றால் அந்த நேரம் முழுவதும் அங்கே இடிமழை இருக்கிறது என்றே வைத்துத் திட்டமிடுங்கள். சிபிக்குக் கீழே மெல்லிய மழைதானே என்று நுழைந்துவிடாதீர்கள், அங்கே கீழ்நோக்கி இறங்கும் காற்று சின்ன விமானத்தின் ஏறும் சக்தியை மிஞ்சிவிடும். பெரிய சிபியிடமிருந்து 20 கடல் மைல் தள்ளியே போங்கள்.

மேகம்பார்ப்பவள்

வானிலைப் பணியில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன், அதனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். டாஃப் என்பது விமான நிலையத்தைச் சுற்றிச் சுமார் 8 கிலோமீட்டருக்கு மட்டும். மெட்டாரில் 'விசி' (சுற்றுவட்டாரம்) என்று வருவது 8 முதல் 16 கிலோமீட்டர் வரை. அன்று சுபாங்கில் துளி விழவில்லை என்கிறீர்கள், சரி, ரவாங்கில் என்ன நடந்தது, ஷா ஆலமில் என்ன நடந்தது என்று ராடார் படத்தைப் பார்த்தீர்களா? நீங்கள் ஈப்போ பக்கத்திலிருந்து இறங்கி வரும் வழி அந்த ரவாங் பக்கம்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மத்தியான இடிமழை வரும் விதம் இதுதான்: காலை வெயிலில் தரை சூடாகிறது, மலாக்கா நீரிணையிலிருந்து கடல் காற்று உள்ளே வருகிறது, கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது, நடுவில் மாட்டிய ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்ற பருவ மாற்றக் காலங்களில் இது இன்னும் கடுமை. இன்று பெய்யும் என்று முன்னறிவிப்பாளருக்கு நன்றாகத் தெரியும், எந்தத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பெய்யும் என்பதுதான் காலையில் தெரியாது, ஏனென்றால் ஒரு சிபி ஒரு மணி நேரத்துக்குள் பிறந்து வளர்ந்துவிடும். அதனால்தான் டெம்போ. அதைச் சோம்பேறித்தனமாகப் போடுவதாக யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கிளம்பும் முன் மெட்மலேசியா (மலேசிய வானிலைத் துறை) ராடார் படத்தை ஓட விட்டுப் பாருங்கள், ஹிமாவாரி செயற்கைக்கோள் படம் 10 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. கோலாலம்பூர் வான்வெளிக்கு சிக்மெட் (விமானங்களுக்கான ஆபத்து வானிலை எச்சரிக்கை) ஏதாவது அமலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இடிமழை சிக்மெட் என்றால் அதிகபட்சம் 4 மணி நேரம்தான் செல்லும், ஆகவே காலையில் பார்த்ததை வைத்து மத்தியானம் முடிவு செய்யக்கூடாது.

'காலையில் பறந்தால் போதும்' என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா ஸ்குவால் வரும், நீரிணைக்கு மேலே இரவில் உருவாகி விடிகாலையிலிருந்து காலைக்குள் மேற்குக் கரையை அடிக்கும் நீண்ட இடிமழை வரிசை. கரை தொடும் முன்பே ராடாரில் தெரிந்துவிடும், பார்த்தால் கிளம்பாதீர்கள். அதே மாதங்களில் புகைமூட்டமும் உண்டு, மெட்டாரில் எச்இசட் என்று வரும், விஎஃப்ஆர் (கண்ணால் வெளியே பார்த்து ஓட்டும் விதி) பறக்க 5 கிலோமீட்டர் பார்வை வேண்டும்.

தீவுக்காரன்

நான் பினாங்கு. உங்கள் வழியில் சுபாங்கை விட எனக்குக் கவலை ஈப்போ – பினாங்கு துண்டுதான். அந்த 65 கடல் மைலுக்கு நடுவில் தைப்பிங், பக்கத்தில் புக்கிட் லாருட், தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் இடம். ஒரு முறை மத்தியானம் 1 மணிக்கு ஈப்போ நோக்கிப் போனேன், இரண்டு முனையிலும் மெட்டார் அழகாக இருந்தது, தைப்பிங் நெருங்கும்போது முன்னால் கரும் மதில் மாதிரி மேகம், தரை வரை மழை. திரும்பி வந்துவிட்டேன். மெட்டார் இரண்டு முனைகளை மட்டும் சொல்லும், நடுவழியைச் சொல்லாது.

இன்னொன்று, மேக உயரம் விமான நிலையத் தரையிலிருந்து அளப்பது. பாயான் லெப்பாஸ் கடல் மட்டத்தை ஒட்டியது, அங்கே 2000 அடியில் மேகம் என்றால் 833 மீட்டர் உயரமான பினாங்குக் கொடிமலையின் உச்சி மேகத்துக்குள் இருக்கலாம். ஈப்போவிலும் சுற்றி மலை, காலையில் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் தேங்கும், சில நாள் 9 மணிக்கு மேல்தான் விலகும்.

சுபாங்மாணவன்

எல்லாருக்கும் நன்றி. ரவாங் பக்கம் என்ன ஆனது என்று எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. திட்டத்தை மாற்றிவிட்டேன்: 8.15-க்குக் கிளம்பி ஈப்போ, 10.20 வாக்கில் பினாங்கு, சாப்பாடு வேண்டாம், 11 மணிக்கு நேராகத் திரும்பினால் 12.30-க்கு சுபாங். தைப்பிங்கில் மதில் தெரிந்தால் ஈப்போவுக்கே திரும்புவேன். இதை இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டப் போகிறேன்.

பழையடர்போபிராப்

நல்ல திட்டம் தம்பி. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: நம் காலை 8 மணிதான் ஜூலு 0000. நீங்கள் 7.30-க்குப் பார்க்கும் மெட்டாரில் 2330 என்றும் முந்தைய நாள் தேதியும் இருக்கும். பழைய அறிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதுதான் புதியது.