காரை பெயர்ந்த பழைய வீடு: இடிப்பதா, பழுதுபார்ப்பதா?

கடலோர வீடு:
திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு. அப்பா 1988-ல் கட்டியது, கீழும் மேலும் சேர்த்து 2000 சதுர அடி இருக்கும். இரண்டு அறைகளில் கூரையின் அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது, சன்ஷேடும் அப்படித்தான். பார்க்க வந்த இன்ஜினியர் சுத்தியலால் ஒரு தட்டுக்கூடத் தட்டாமல், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்லிவிட்டார். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், நன்றாக இருக்கும் சுவர், தரை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி எங்கேயோ கொட்ட மனசு வரவில்லை. பழுதுபார்த்தால் சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா?

ஜல்லிக்கணக்கு:
உண்டு, கொஞ்சநஞ்சமில்லை. சிமென்ட் சூளையில் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அதில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது, அதனால் சூளையை எதை வைத்து எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. உலகின் மொத்தக் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்டால் வருவது.

உங்கள் வீட்டுக்கே போட்டுப் பாருங்கள். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி என்பதுதான் நம் ஊரில் எல்லோரும் போடும் கணக்கு. அப்படியானால் 800 மூட்டை, அதாவது 40 டன் சிமென்ட், 8 டன் கம்பி. நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்டே வாங்கினாலும் டன்னுக்கு அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு, கம்பிக்கு டன்னுக்கு சுமார் 2 டன் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 36 டன்னைத் தாண்டுகிறது. செங்கல், எம் சாண்ட், லாரி டீசல் எதையும் இதில் சேர்க்கவில்லை. அந்த 1988 சிமென்டுக்கான புகை எப்போதோ வானத்தில் கலந்துவிட்டது சார், அதை இன்னும் முப்பது வருடம் உழைக்க வைப்பதை விட்டு ஏன் மறுபடி எரிக்க வேண்டும்?

பழுதுவேலை மேஸ்திரி:
அண்ணா சொன்னது சரி, ஆனால் வேலை ஒழுங்காக நடந்தால்தான் அந்த முப்பது வருடம். கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு, அரித்துப்போன இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் பிடித்து கான்கிரீட்டை வெளியே தள்ளும். பெயர்ந்த இடத்தில் அப்படியே சிமென்ட் பூசி மூடுபவர்களை உள்ளே விடாதீர்கள், அடுத்த மழைக்குள் பூச்சு கையோடு வந்துவிடும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குச் சிப்பிங் செய்து (கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து), பளபளக்கும் வரை துருவை எடுத்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி கால் பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். முதலில் மொட்டை மாடியில் தண்ணீர் இறங்குவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் கீழே செய்வதெல்லாம் வீண்.

உப்புக்காற்று:
கடலோரம் என்பதால் ஒன்று சொல்கிறேன். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கியிருந்தால், ஒட்டுப்போட்ட இடம் நன்றாக இருக்கும், அதைச் சுற்றியுள்ள கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உடைத்துப் பூசினால் மிச்சம் பிடித்த கரிக்கணக்கும் கரைந்துவிடும். உடைத்த இடத்தில் பினாப்தலீன் தெளித்துப் பாருங்கள், ரோஸ் நிறம் வந்தால் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை அங்கே இன்னும் இருக்கிறது. உப்பை அது காட்டாது, அதற்குத் துளையிட்டுத் தூள் எடுத்து லேபில் குளோரைடு பார்க்க வேண்டும். அளவு அதிகமென்றால் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைக் கட்டி வைப்பார்கள், கம்பிக்குப் பதில் அவை கரையும். தூண்களும் பீம்களும் முழுக்க உப்பேறியிருந்தால் மட்டும் இடிப்பதைப் பற்றி யோசியுங்கள்.

கடலோர வீடு:
லேபுக்குக் கொடுத்துவிட்டுத்தான் முடிவு. சிப்பிங்கில் விழும் கழிவை என்ன செய்வது?

ஜல்லிக்கணக்கு:
தண்ணீர் லாரிபோல வாசலுக்கு வந்து அள்ளுபவர்களிடம் கொடுக்காதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் ஆனது, அதன் ஓரங்களை மேடாக்கியதில் இப்படி ராத்திரியில் கொட்டிய இடிபாடுகளுக்கும் பங்கு உண்டு. பெருங்குடியில் மாநகராட்சியின் கட்டடக் கழிவு ஆலை இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லி உங்கள் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

பழுதுவேலை மேஸ்திரி:
சிப்பிங் தொடங்கும் முன் அந்த இரண்டு அறைக்கும் முட்டுக் கொடுத்துவிடுங்கள். இப்போதே அந்தக் கூரைக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம்.