கிளையன்ட் லைப்ரரிக்கும் சர்வரின் பதிப்பு எண்ணையே வைக்கலாமா?

சின்னசர்வர்: நாங்கள் நான்கு பேர், செய்திகளை வரிசையில் வைத்துக் கொடுக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் கியூ சர்வரைப் பராமரிக்கிறோம். சர்வர் இப்போது 3.2. அதோடு பேசும் கிளையன்ட் லைப்ரரிகளில் கோ 1.9, பைத்தான் 0.14, ஜாவா 2.1. எந்த சர்வருக்கு எந்த கிளையன்ட் என்ற கேள்வி வாரம் தவறாமல் வருகிறது. அடுத்த முறை எல்லாவற்றையும் 4.0 ஆக்கி ஒரே நாளில் வெளியிடலாம் என்று நினைக்கிறேன். 2016-ல் தேடல் மென்பொருள் நிறுவனமான எலாஸ்டிக் இதைத்தான் செய்தது: எலாஸ்டிக்சர்ச் 2, கிபானா 4, லாக்ஸ்டாஷ் 2, பீட்ஸ் 1 என்று ஆளுக்கொரு பக்கம் நின்றதை எல்லாம் 5.0-வில் ஒன்றாக்கினார்கள்.

கம்பைல்_மேசை: வேண்டாம். லைப்ரரியின் எண் அதை இம்போர்ட் செய்கிறவருக்குக் கொடுக்கும் வாக்கு. மேஜர் (முதல் புள்ளிக்கு முன்னால் உள்ள எண்) மாறினால் கோட் உடையலாம், மைனர் (அதற்கு அடுத்த எண்) மாறினால் உடையாது, அவ்வளவுதான். சர்வரில் டிஸ்க் ஃபார்மேட் மாறியதற்காக, ஒரு வரி கூட மாறாத பைத்தான் லைப்ரரிக்கு 4.0 போட்டால், நான் சேஞ்ச்லாக் முழுக்கப் படித்து ஒன்றுமில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். அது கூடப் பரவாயில்லை. கோ கிளையன்டில் ஒரு ஃபங்ஷனை மாற்றியே ஆக வேண்டும், சர்வரோ 4.1-ல்தான் நிற்கிறது என்றால் 5.0 போட முடியாமல் உடைப்பை மைனருக்குள் திணிப்பீர்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் கோ கிளையன்டான கிளையன்ட்-கோ 0.18-ல் கெட், லிஸ்ட், கிரியேட் என எல்லா அழைப்புக்கும் முதல் ஆர்குமென்டாக கான்டெக்ஸ்ட் வந்தது. எண்ணைப் பார்த்தால் ஒரு படிதான் ஏறியிருக்கிறது, பில்ட் செய்தால் வரிக்கு வரி எரர்.

யாமல்_ராத்திரி: நீங்கள் சொன்ன உதாரணமே எனக்குத்தான் சாதகம். முன்பு கிளையன்ட்-கோவுக்குத் தனி எண்தான் இருந்தது, குபெர்னெட்டிஸ் 1.15-க்கு 12.0. அதை யார் நினைவில் வைத்திருப்பது? கோ மொழியின் பேக்கேஜ் முறையான மாட்யூல் வந்த பிறகு மேஜர் 2 அல்லது அதற்கு மேல் என்றால் இம்போர்ட் பாதையிலேயே எண் இருக்க வேண்டும் என்று ஆனது, இவர்களிடம் அது இல்லை, அதனால் கோ.மாட் கோப்பில் 11.0.0-வுக்குப் பக்கத்தில் 'இன்கம்பேட்டிபிள்' என்று ஒட்டிக்கொண்டு நின்றது. இப்போது கிளையன்ட்-கோ 0.29 என்றால் குபெர்னெட்டிஸ் 1.29, யாரும் கேட்கவே வேண்டாம். முன்னால் பூஜ்ஜியம் நிற்பதும் நேர்மைதான், எதுவும் மாறலாம் என்று பதிப்புகளுக்கு எண்ணிடும் செம்வெர் விதியே சொல்கிறது. குபெர்னெட்டிஸின் பைத்தான் கிளையன்டும் 1.17-உடன் பொருந்த 12-லிருந்து நேராக 17-க்குத் தாவியது.

கம்பைல்_மேசை: பூஜ்ஜியம் நேர்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் போடப்போவது 4.0. இன்னொன்று, மோங்கோடிபி டேட்டாபேஸின் பைத்தான் கிளையன்டான பைமோங்கோ 4.0, மோங்கோடிபி 3.6 முதல் 5.0 வரை எல்லாவற்றோடும் பேசும். ஒரு கிளையன்ட் பல சர்வரோடு பேசும் இடத்தில் ஒரே எண்ணை ஒட்டினால், 'என் சர்வர் 3.2, நான் 4.0 கிளையன்ட் போடலாமா' என்று கேட்பார்கள். அதே கேள்விதான், வேறு உருவத்தில்.

பேக்கேஜ்_வேலை: எண்ணை விடுங்கள், எனக்கு அந்த 'ஒரே நாள்' தான் பயம். முன்பு நான் இருந்த ஒரு திட்டத்தில் சர்வர் தயார், கோ தயார், ஜாவா ஜார் கோப்பில் கையெழுத்துப் போடும் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தது, அவர் ஊரில் இல்லை. எல்லாம் சேர்ந்துதான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததால் ஒரு பாதுகாப்புத் திருத்தம் பதினொரு நாள் உள்ளேயே கிடந்தது. நான்கு பேர் இந்தக் கயிற்றைக் கட்டிக்கொள்ளாதீர்கள். சர்வரின் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்ததும் மூன்று கிளையன்டையும், டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ-யில் அதோடு ஓட்டுங்கள், பழைய சர்வரோடும் பேசத் தெரிந்த புதிய கிளையன்டை முதலில் விடுங்கள், அப்புறம் சர்வர். பயனர்களும் அதே வரிசையில் ஏற்றிக்கொள்வார்கள்.

சின்னசர்வர்: தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஜாவா சாவி எங்களிடமும் ஒருவரிடம்தான் இருக்கிறது. எண்ணில் இன்னும் முழுக்க ஒப்பவில்லை. பைத்தான் 0.14-ஐப் பார்த்து 'இது இன்னும் முடியாத லைப்ரரியா' என்று கேட்டுவிட்டு வேறு கியூவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், அது வலிக்கிறது.

கம்பைல்_மேசை: அதற்கு மருந்து 1.0, 4.0 இல்லை. நாலு வருடமாக ஏபிஐ உடையவில்லை என்றால் தைரியமாகப் போடுங்கள். கனெக்ட் ஆகும்போதே கிளையன்ட் சர்வரின் எண்ணைக் கேட்டு, பொருந்தாவிட்டால் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று எரரிலேயே சொல்லட்டும்.

சின்னசர்வர்: கனெக்ட் ஆகும்போது நடக்கும் ஹேண்ட்ஷேக்கில் சர்வர் எண் ஏற்கெனவே வருகிறது, நாங்கள் அதைப் படிக்காமல் தூக்கிப் போடுகிறோம். இந்த வாரம் பைத்தானில் அதைச் சேர்க்கிறேன், 1.0-வும் அதோடு போகட்டும். கோ, ஜாவா எண் பற்றி மற்ற மூவரிடமும் பேசிவிட்டு வருகிறேன்.