ஷேர்பாயிண்ட் லைப்ரரியில் காஸ்டிங் ஷீட்டைப் பிறர் பார்க்காமல் காப்பது எப்படி?

கேள்வி (திருப்பூர்)
வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிகளைக் கவனித்து வருகிறேன். டெக் பேக் (ஆடையின் வடிவமைப்பு விவரங்கள்), சாம்பிள் படங்கள், காஸ்டிங் ஷீட் (அடக்க விலைக் கணக்கு), பேக்கிங் லிஸ்ட் எல்லாமே ஆர்டர் வாரியான ஃபோல்டர்களில், மைக்ரோசாஃப்ட்டின் கோப்புப் பகிர்வுச் சேவையான ஷேர்பாயிண்ட்டின் ஒரே லைப்ரரியில் (கோப்புத் தொகுப்பில்) இருக்கின்றன. காஸ்டிங் ஷீட்டை முதலாளியும் ஆர்டர்களைக் கவனிக்கும் மூத்த மெர்ச்சண்டைசர்கள் மூவரும் மட்டுமே பார்க்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக அனுமதி அமைத்து வந்தேன். ஆனாலும் சென்ற வாரம் எம்பிராய்டரி ஜாப் ஒர்க்கைப் பார்க்கும் தம்பியின் திரையில், ஒரு போலோ டி-ஷர்ட்டின் நூல் விலை, சாயக்கூலி முதல் எங்கள் லாபம் வரை திறந்திருந்தது. யாரோ அனுப்பிய லிங்க்கைத்தான் அவர் திறந்திருந்தார்; அவர் மேல் குற்றமில்லை. நான் எங்கே தவறினேன்?

மறுமொழி (கோவை)
தாங்கள் அனுமதியைப் பூட்டியது சரிதான். லிங்க் வேறொரு வாசலைத் திறந்துவிட்டது. ‘நிறுவனத்தில் உள்ள எவரும்’ என்ற வகையில் லிங்க் எடுத்து அனுப்பினால், அதைப் பெற்றுத் திறக்கும் ஊழியர் எவருக்கும் அந்த ஃபைல் கிடைத்துவிடும். ‘ஏற்கெனவே அனுமதி உள்ளவர்கள்’ என்ற வகை புதிதாக யாருக்கும் எதையும் தராது. இதையே, லைப்ரரி இருக்கும் ஷேர்பாயிண்ட் சைட்டின் இயல்பான லிங்க்காக நிர்வாகி அமைத்துவிட முடியும்.

ஆனால் ஃபைல் ஃபைலாக அனுமதி கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள் என்பதே என் உறுதியான கருத்து. சைட்டில் உள்ள அனுமதிதான் லைப்ரரிக்கும், அதிலிருந்து ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் இறங்கி வருகிறது. அந்தத் தொடர்ச்சியை நூறு இடத்தில் அறுத்தால், யார் எதைப் பார்க்கிறார் என்பது அமைத்தவருக்கே தெரியாமல் போகும். ஒரு லைப்ரரிக்குத் தனி அனுமதிகள் 50,000 வரை இருக்கலாம் என்றாலும், 5,000-ஐத் தாண்ட வேண்டாம் என்றே மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கிறது. காஸ்டிங்குக்கெனத் தனி லைப்ரரி தொடங்கி, அதில் மட்டும் தொடர்ச்சியை நிறுத்துங்கள். நிறுத்திய கணத்தில் பழைய அனுமதிகள் அப்படியே நகலாகி நிற்கும். அதில் உள்ள, சைட்டின் மெம்பர்ஸ், விசிட்டர்ஸ் குழுக்களை நாமே நீக்க வேண்டும். பிறகு அந்த நால்வரையும் ஒரு குழுவாக்கி, அனுமதியைக் குழுவுக்குக் கொடுங்கள். நாளை ஒருவர் வேலையை விட்டுப் போனால், குழுவிலிருந்து ஒரு பெயரை எடுத்தால் போதும்.

மறுமொழி (ஈரோடு)
கோவை நண்பர் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். ‘கான்ட்ரிபியூட்’ என்ற அனுமதி நிலை திருத்துவதற்கு மட்டுமன்று, அழிப்பதற்கும் உரிமை தருகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு சீசனின் ஃபோல்டர் முழுவதும் இப்படித்தான் அழிந்தது; அழித்தவை ரீசைக்கிள் பின்னில் 93 நாட்கள் இருக்கும் என்பதால் மீட்டோம். பார்த்தால் போதும் என்பவருக்கு ‘ரீட்’ மட்டும் கொடுங்கள்.

கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. ஒருவருக்கு என்ன அனுமதி உள்ளது எனக் காட்டும் ‘செக் பெர்மிஷன்ஸ்’ பொத்தானில் ஒவ்வொரு பெயராக இட்டுப் பார்த்தேன். பதினொரு பேருக்குத் தேவையற்ற அனுமதி இருந்தது. பழைய ஷீட்டுகளைப் புதிய லைப்ரரிக்கு நகலெடுப்பதா, நகர்த்துவதா?

மறுமொழி (கோவை)
நகர்த்துங்கள். நகலெடுத்தால் கடைசி வடிவம் மட்டுமே வரும், பழைய ஃபைலும் பழைய லிங்க்கோடு அங்கேயே கிடக்கும். ‘மூவ் டூ’ வழியாக நகர்த்தினால், பையரிடம் விலை பேசிய காலத்துத் திருத்தங்களும் உடன் வரும். நகர்த்தியபின் சில ஃபைல்களில் யாருக்கு அனுமதி உள்ளது எனக் காட்டும் ‘மேனேஜ் ஆக்சஸ்’ பகுதியைத் திறந்து, லிங்க் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்கிவிட்டு, அந்தத் தம்பியின் கணினியிலேயே ஒருமுறை திறக்க முயன்று பாருங்கள்.