சீமைக்கருவேலத்துக்குள்ள தையல்சிட்டு: முள்ளு மட்டும் துல்லியமா விழுது

கண்மாய்க்கரை: காரைக்குடியைச் சுத்தி உள்ள கண்மாய்கள்ல தையல்சிட்டு, கதிர்க்குருவி, தேன்சிட்டு எடுக்கிறேன். கிராப் சென்சார் (முழு ஃப்ரேமை விடச் சின்ன சென்சார்) கேமரா, 100-400 மி.மீ. லென்ஸ். 400 மி.மீ., எஃப்5.6, 1/500, ஐஎஸ்ஓ 400. காலை ஒன்பதரைக்கு மேல, 15 மீட்டர் தள்ளி நின்னு. ஃபோகஸ் முள்ளுல போய் உட்கார்ந்துக்குது. பறவை மாட்டினாலும் இறகு மெழுகினாப்ல இருக்கு. 600 மி.மீ. லென்ஸ் வாங்கணுமா?

செம்புரைக்கல்: வேணாம். 400-ல 15 மீட்டருக்கு ஃப்ரேம் அகலம் 88 செ.மீ. தையல்சிட்டு வாலோட சேர்த்து சுமார் 13. ஏழுல ஒரு பங்கை வெட்டிப் பெரிசாக்கினா மெழுகாம என்ன செய்யும்? 5 மீட்டருக்கு வந்தா பாதி ஃப்ரேம்.

இன்னொண்ணு கானல். ஒன்பதரைக்கு வறண்ட கண்மாய்த் தரை கொதிக்கும். ட்ரைபாட்ல வச்சு, அதே தூரத்துல ஒரு வேலிக்கல்லை பத்து ஷாட் தொடர்ந்து எடுங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கலங்கியிருந்தா கானல். பத்தும் ஒரே மாதிரி மங்கலா இருந்தாத்தான் லென்ஸைச் சந்தேகப்படணும். ஏசி காரை விட்டு இறங்கின உடனே எடுத்தாலும் இதே கலங்கல்தான்.

ஊருணி: ஷட்டர் 1/1600-க்குக் குறையாம வைங்க, ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினா ஏறட்டும். ஐஎஸ்ஓ ஏறினா படத்துல வர்ற புள்ளிப்புள்ளியை அப்புறம் கம்ப்யூட்டர்ல குறைக்கலாம், அசைவைக் குறைக்க முடியாது. 5 மீட்டர்ல எஃப்5.6-க்கு துல்லியமா விழற ஆழம் மூணரை செ.மீ.தான், அதனால கண்ணுக்கே ஃபோகஸ். ஃபோகஸுக்கு ஆகச் சின்ன ஒற்றைப் புள்ளி, பறவை நகர நகரக் கூடவே போற தொடர் ஃபோகஸ். முதல்ல லென்ஸோட ஃபோகஸ் வளையத்தைக் கையால திருப்பி பறவைகிட்ட கொண்டுவந்துட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்க, முள்ளுல மாட்டுறது பாதி குறையும். புதர் நடுவுல துரத்தாதீங்க. ஓரத்துல நீட்டிக்கிட்டிருக்கிற வெறுங்கிளைக்கு ஃபோகஸ் வச்சுட்டு உட்கார்ந்திருங்க.

நம்ம பக்கம் நிலம் கிழக்கே சரியறதால கண்மாய்க் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான். காலையில கரையிலிருந்து உள்ளே பார்த்தா வெயில் உங்க முதுகுல. ஆனா கரை மேல நிக்காதீங்க, வானத்துல ஆள் உருவம் தெரிஞ்சா ஒரு குருவி தங்காது. உள்சரிவுல இறங்கி உட்காருங்க. மடியில ஒன்றரைக் கிலோ அரிசி போட்ட துணிப்பை, அது மேல லென்ஸ். சாயங்காலம் இதுக்கு நேர் எதிர்: வறண்ட உள்வாய்ல இருந்து கரை மரங்களைப் பாருங்க.

வேலிக்கால்: இவ்வளவு எதுக்கு? போன்ல அதோட குரலைப் போட்டா தானா வரும்.

செம்புரைக்கல்: வரும், சண்டைக்கு. எல்லைக்குள்ள வேற ஆண் நுழைஞ்சிருச்சுன்னு இரை தேடுறதை விட்டுட்டு தேடி அலையும். கூடு இருக்கிற நேரம்னா குஞ்சு பட்டினி. அதே போல படம் தெளிவா வரணும்னு கூட்டை மறைக்கிற இலையைக் கிள்ளறதும் ஆகாது. வெயில் இறங்கும், காக்காய்க்கும் வழி தெரிஞ்சிரும். அதுக்குப் பதிலா வீட்டுப் பின்கட்டுல அகலமான மண்சட்டி, ரெண்டு விரக்கடை தண்ணி, மேல ஒரு காய்ஞ்ச குச்சி. தண்ணிக்கு வரும்போது குச்சியில உட்கார்ந்துட்டுத்தான் இறங்கும். தண்ணியை தினம் மாத்துங்க, பூனை ஒளியற மாதிரி செடி பக்கத்துல இருக்கக்கூடாது.

கண்மாய்க்கரை: நன்றிண்ணே. ஊதாத் தேன்சிட்டு ஆண் கரிக்கட்டையாவே விழுதே, அதுக்கு?

ஊருணி: அந்த மினுக்கம் சாயம் இல்லை தம்பி, இறகோட அமைப்புல ஒளி பட்டுத் திரும்பறது. மேகமூட்டத்துல எக்ஸ்போஷரை எவ்வளவு ஏத்தினாலும் கரிதான். வெயில் உங்க முதுகுக்குப் பின்னாடி, பூத்த முருங்கை எதிர்ல. அது பூவுக்குப் பூ தலையைத் திருப்பிக்கிட்டே இருக்கும், தொடர் ஷாட்ல இருபதுக்கு ரெண்டு மூணு மின்னும். வெள்ளை வானம் பின்னாடி இருந்தா மட்டும் எக்ஸ்போஷரை +1 ஏத்துங்க.