மோரிஸ் மைனர் 1000: வலது முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது, எதில் கை வைப்பது?

நாலுகதவு:

வணக்கம். அப்பா ஓட்டிய மோரிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1961 மாடல், நான்கு கதவு, 948 சிசி. பதினோரு வருடம் கொட்டகையில் நின்ற வண்டி. எஞ்சின் போன மாதம் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அன்று நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி பாடியும் சஸ்பென்ஷனும். முன்பக்கம் வலது சக்கரத்தின் மேல் மட்கார்டு 28 மிமீ தாழ்ந்திருக்கிறது. டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி) தளர்ந்துவிட்டது, அதன் முனையில் இருக்கும் பல்லை மாற்றிப் போட்டால் சரியாகும் என்றார் பார்த்த ஒருவர். எப்படியும் அதைக் கழற்றப் போகிறோம், அப்படியே முன்பக்கம் முழுவதையும் கொஞ்சம் இறக்கி, பழைய லீவர் ஷாக் அப்சார்பரை (கை வைத்த பழைய வகை) எடுத்துவிட்டு டெலஸ்கோப்பிக் (குழாய் வகை) போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஓட்டுநர் பக்கத் தரைத்தகட்டில் துரு இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியிலும் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? வெல்டிங் ஓரளவு தெரியும். ஆனால் இந்த வண்டியை வெட்டப் பயமாக இருக்கிறது.

தகட்டுக்கை:

வணக்கம்மா. டார்ஷன் பாரை இப்போதைக்குத் தொட வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

முதலில் அந்த 28 மிமீ. மைனரில் மட்கார்டு போல்ட் போட்டு மாட்டியது, நடுவில் பைப்பிங் வைத்து. யாராவது ஒருமுறை கழற்றி மாட்டியிருந்தால் அதுவே சில மில்லிமீட்டர் ஏறி இறங்கியிருக்கும். அதனால் மட்கார்டு விளிம்பை நம்பாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, வண்டியை முன்னும் பின்னும் ஒருமுறை உருட்டி விடுங்கள். அப்புறம் கீழ் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே தாங்கும் கை) பாடியோடு சேரும் இடத்திலிருந்து தரைக்கு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அதுதான் உண்மையான அளவு.

அதிலும் வித்தியாசம் வந்தால் உடனே பாரின் மேல் பழி போடக் கூடாது. இந்த வண்டியில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்ற நீளமான இரும்புக் கம்பி கீழ் ஆர்மிலிருந்து பின்னோக்கி, தரைக்கு அடியிலேயே ஓடுகிறது. அதன் பின் முனை, முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக இருக்கும் பெட்டிச் சட்டத்தில் ஒரு லீவர் வழியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். அதாவது முன் சக்கரம் தாங்கும் பாரம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அடியில் வந்து இறங்குகிறது. அந்தச் சட்டத்தின் இரண்டு முனைகளும் கதவடிப் பெட்டியோடு சேருகின்றன. சேறும் ஈரமும் தங்கும் மூலை அதுதான். முனை துருப்பிடித்து இளகினால் லீவர் சாயும், வண்டி அந்தப் பக்கம் இறங்கும். பார் நன்றாகத்தான் இருக்கும். அந்த நிலையில் பல்லை மாற்றிப் போட்டால், உளுத்த தகட்டின் மேல் இன்னும் அதிக முறுக்கை ஏற்றுகிறீர்கள்.

தரை விரிப்பை முழுவதும் எடுங்கள். ஒரு பழைய ஸ்குரூடிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும். சட்டத்தின் முனை, கதவடிப் பெட்டியின் அடிப்பக்கம், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் முன் முனை மாட்டியிருக்கும் இடம், மூன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் இருந்தால் குத்திப் பாருங்கள், இரக்கம் வேண்டாம். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது, அதையும் வைத்துப் பாருங்கள்.

துருவைப் பிறகு பார்க்கலாமா என்று கேட்டீர்கள். தனிச் சேஸிஸ் உள்ள வண்டியாக இருந்தால் ஒருவேளை தள்ளிப் போடலாம். இதில் பாடிதான் சேஸிஸ். தகட்டு வேலை முடியாமல் சஸ்பென்ஷன் வேலை என்று ஒன்று கிடையாது.

வெட்டும் பயம் எனக்கும் இருந்தது, இருக்கவும் வேண்டும். என் முதல் மைனரில் வண்டியை முன்னும் பின்னும் ஸ்டாண்டில் ஏற்றி, கதவைக் கழற்றி, கதவடிப் பெட்டி முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டி எடுத்தேன். இரண்டு நாள் உழைத்துப் புதுத் தகட்டை வெல்டு செய்தேன். கதவை மாட்டினால் மேல் மூலை இடித்தது. நடுப்பகுதி தொய்ந்த நிலையிலேயே எல்லாவற்றையும் ஒட்டியிருந்தேன். திரும்ப அத்தனையையும் வெட்டி எடுத்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். 25 மிமீ சதுரக் குழாயைக் கதவு வாசலில் கீல் பக்கத் தூணிலிருந்து பூட்டுப் பக்கத் தூணுக்குக் கொடுத்து, ஒரு குறுக்குக் குழாயும் சேர்த்துப் புள்ளி வெல்டு போடுங்கள். நான்கு கதவு என்பதால் இரண்டு வாசலுக்கும் தனித்தனியாக வேண்டும். கதவு மூடித் திறக்கும்படி குழாயை உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். கதவு மாட்டியபடியே இருக்கட்டும், ஒவ்வொரு தையல் முடிந்ததும் மூடிப் பார்க்கலாம். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கம்.

பாரம் தாங்கும் பகுதிக்கு 1.2 மிமீ தகடு. துருவின் மேலேயே தகட்டை வைத்து மூடுவது மட்டும் வேண்டாம், உள்ளே அது தின்றுகொண்டே இருக்கும். பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். நீளமாக இழுத்து வெல்டு செய்யாமல் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், தானாக ஆறவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் டிக்கித் தரையில் இருக்கிறது, அந்தப் பக்கம் பொறி பறக்கும் முன் அதை இறக்கி வெளியே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. பானெட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு பட்டை ஓடுகிறதே, பார்த்திருப்பீர்கள். 1948-இல் வெளியிடும் முன் வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று அதை வடிவமைத்த இசிகோனிஸுக்குப் பட்டது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். அந்தப் பட்டை அதனால் வந்தது. எனவே இந்த வண்டி பிறக்கும்போதே வெட்டுப்பட்டதுதான். அளந்து வெட்டினால் ஒன்றும் ஆகாது.

ஓரங்குலம்:

மேலே சொன்னது சரி. ஆனால் இறக்குவதே தப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் முன்பக்கம் ஓர் அங்குலம் இறக்கி ஆறு வருடமாக ஓட்டுகிறேன், வளைவில் நன்றாக உட்கார்ந்து போகிறது. அதற்கு மேல் இறக்கிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. ஸ்டியரிங் கம்பியின் சாய்வு மாறி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பியது. ரப்பர் ஸ்டாப்பில் இடிக்கவும் செய்தது. திரும்ப ஏற்றிவிட்டேன்.

டயர் என்ன போட்டிருக்கிறீர்கள்? பழைய கிராஸ்பிளை (உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் வகை) இன்னும் இருந்தால் நான்கையும் சேர்த்து இன்றைய ரேடியலுக்கு மாற்றுங்கள். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று மட்டும் கலக்காதீர்கள், பின்பக்கம் முன்னதாகவே பிடி விட்டுவிடும். 948-இல் முன் பிரேக் டிரம் 7 அங்குலம். 1962-இல் 1098 சிசி வந்தபோது 8 அங்குலம் ஆக்கினார்கள். ஏதாவது மாற்ற ஆசை என்றால் இறக்குவதற்கு முன்பு அதைச் செய்வேன்.

நாலுகதவு:

இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுவதும் இதிலேயே போனது.

ஐயா சொன்னபடி ஆர்மிலிருந்து அளந்தேன். வித்தியாசம் 19 மிமீ. விரிப்பை எடுத்தேன். இடது முனையைத் தட்டினால் கணீரென்று கேட்டது. வலது முனையில் ஸ்குரூடிரைவர் பிடி வரை உள்ளே போய்விட்டது. கீழே படுத்துப் பார்த்தால் லீவர் பூட்டியிருக்கும் தகடே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மேலே யாரோ ஒரு தகட்டை வைத்து மூடி, கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அப்பா இதில்தான் எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்.

டயர் நான்கும் கிராஸ்பிளைதான், மாற்றிவிடுகிறேன். இனி பார் கழற்றித்தான் ஆக வேண்டும் இல்லையா? டெலஸ்கோப்பிக் பற்றியும் சொல்லுங்கள்.

தகட்டுக்கை:

ஆமாம்மா, இப்போது கழற்றத்தான் வேண்டும். முறுக்கு ஏறிய பார் பூட்டியிருக்கும்போது அந்தச் சட்டத்தை வெட்டக் கூடாது. வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மேல் இணைப்பைக் கழற்றிய பிறகு ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். முறுக்கு முழுவதும் விட்டுப்போன பிறகுதான் பின் லீவரில் ஸ்பேனர் வைக்க வேண்டும். பாதி முறுக்கில் அவிழ்த்தால் கையை உடைத்துவிடும். கழற்றும் முன் பார், ஆர்ம், லீவர் மூன்றிலும் ஒரே நேராகப் பெயின்ட் கோடு போடுங்கள். எந்தப் பக்கத்துப் பார் என்றும் எழுதி வையுங்கள். ஓடிப் பழகிய திசைக்கு மாறாக முறுக்கினால் ஒடியும், அதனால் இடம் வலம் மாறக் கூடாது. பைப் ரெஞ்ச் போட்டுப் பிடிக்காதீர்கள், ஒரு கீறல் போதும், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

டெலஸ்கோப்பிக் விஷயம். முன்பக்க லீவர் ஷாக் அப்சார்பரை எடுத்து வீசிவிட முடியாது. அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம். டெலஸ்கோப்பிக் போட்டாலும் அதை அங்கேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பதிலாக வேறொரு மேல் ஆர்ம் வேண்டும். புது ஷாக்கின் மேல் முனை மாட்டும் இடத்துக்கு அந்த வண்டி பிறந்ததிலிருந்து பாரம் வந்ததில்லை. அங்கே தகட்டைப் பலப்படுத்தாமல் போட்டால் கிழியும். என் கருத்து, லீவர் ஷாக்கைச் சுத்தம் செய்து, சீல் கசியவில்லை என்றால் அதற்குரிய எண்ணெய் நிரப்பி ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். நல்ல புஷ்ஷும் நல்ல எண்ணெயும் இருந்தால் இந்த வண்டி எப்படி ஓடும் என்று பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம். கீழ் டிரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பி, கீழே இந்த டிரன்னியனின் மரையில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. பதினோரு வருடம் கிரீஸ் பார்க்காத மரை தேய்ந்திருந்தால் ஒருநாள் கழன்றுவிடும், சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துவிடும். இது நடந்து நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நல்லவேளை வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கழற்றிய கையோடு மரையைப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கம்பியையும் டிரன்னியனையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, வாங்கும்போது கவனம். பிறகு கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும். பாரம் இருந்தால் தேயும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது.

வெட்டும் முன் கதவு இடைவெளியை அளந்து இங்கேயே எழுதி வையுங்கள். காகிதம் தொலைந்துவிடும்.

நாலுகதவு:

எழுதிவிடுகிறேன் ஐயா. வலது முன் கதவு: கீல் பக்கம் மேலே 4 மிமீ, கீழே 5. பூட்டுப் பக்கம் மேலே 3.5, கீழே 6. வலது பின் கதவு: கீல் பக்கம் இரண்டு முனையிலும் 5, பூட்டுப் பக்கம் மேலே 4, கீழே 5. குழாய் வாங்கியாகிவிட்டது. டேங்க் இறக்கியாயிற்று. ஞாயிறு காலை முதல் புள்ளி வெல்டு.