புதுப்பிப்பு: அப்பாவின் காப்பீட்டு ஏஜென்சிக்குக் கடைசியில் எந்த வெப்சைட் எடுத்தோம்

அப்பாவின் மருத்துவக் காப்பீட்டு ஏஜென்சிக்கு வேர்ட்பிரஸ்ஸா (நாமே தளம் கட்டிக்கொள்ளும் மென்பொருள்), மாதச் சந்தாவில் வரும் ரெடிமேட் தளமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, வேர்ட்பிரஸ்தான் எடுத்தோம். ரெடிமேட்காரர் டெமோவில் காட்டிய பிரீமியம் ஒப்பீட்டுக் கருவி அருமையாகத்தான் இருந்தது, ஆனால் அப்பாவிடம் இருப்பது ஒரே நிறுவனத்தின் ஏஜென்சி, அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

இழுத்தடித்தது வேறு விஷயம். ஏஜென்ட் போடும் விளம்பரத்துக்கு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பது காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பின் விதி, கிளை மேலாளர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "100% கிளெய்ம் உறுதி" என்று ஆசையாகச் செய்த பேனரை ஒரே கோடாக அடித்துவிட்டார்கள். பழைய நோட்டீஸில் இருந்து அப்படியே எடுத்துப் போட்ட, 18% ஜிஎஸ்டி சேர்த்த கட்டணப் பட்டியலும் போனது. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரியே இல்லையே.

விசாரிப்பவர்கள் நிரப்ப தளத்தில் வைத்திருந்த பெரிய படிவத்தையும் தூக்கிவிட்டேன். சர்க்கரை, பிரஷர் விவரமெல்லாம் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சர்வரில் கிடந்தால் யார் காவல் காப்பது? பெயர், ஊர், போன் நம்பர், அவ்வளவுதான், மீதியை அப்பா பேசிக் கேட்டுக்கொள்வார்.

முதலில் பேக்கப் எடுத்து வை என்று சொன்ன அண்ணனுக்கு நன்றி, இரண்டாம் நாளே ஒரு பிளக்இன் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) அப்டேட்டில் முகப்பு வெள்ளையாகிப் போனது.

இதுவரை வந்த விசாரணை நான்கு. அதில் ஒன்று சித்தப்பா.